கஞ்சாப் பழக்கமும் குலவழியும்

கஞ்சாவென்னும் பெயர் நம் நாட்டில் எவருக்கும் புதியதன்று. ஒரே செடியினின்று பெறும் மூன்று பண்டங்களை இந்நாட்டார் நெடுங்காலமாக வேறு வேறாகவே வழங்கி வந்தனர். இலையை அரைத்துக் கரைத்துக் குடிப்பது பாங்கு. பெண்செடியின் பூங்கதிரை உலர்த்திச் சிலும் என்னும் மட்குழாயிலிட்டுப் புகைப்பது கஞ்சா. அச்செடியிற் கசியும் பிசினைத் திரட்டி உருட்டுவது சரஸ். 1753-ஆம் ஆண்டில் சுவீடன் தேயத்துத் தாவரநூல் வல்லாராகிய லின்னேயஸ் இச்செடிக்குக் கன்னாபிஸ் சட்டைவா என்று பெயரிட்டார். பண்டங்கள் பலவாயினும் இதனைப் பற்றி நம்மவர் கொண்டுள்ள கருத்துகள் பெரும்பாலும் இரண்டே. “சாமியார்கள் புகைக்கவில்லையா? மூலிகைதானே, என்ன செய்துவிடும்?” என்பர் ஒரு சாரார். “கஞ்சாக்குடிக்கி” என்னும் ஒரு வசைச்சொல்லுள் ஒருவனுடைய வாழ்வு முழுவதையும் அடக்கி, அவன் வீட்டிற் பெண் கொடுக்கவும் எடுக்கவும் அஞ்சுவர் மற்றொரு சாரார்.

இவ்விரு சாராரும் விடை கூறாது விடும் வினாக்கள் இரண்டுள. கஞ்சா புகைத்தவர் அனைவரும் நோயாளரோ? அன்றெனின், நோயாளர் எவர், அவரை எவ்வாறு இனங்காண்பது? இஃது ஒன்று. அந்நோய் குலவழியே வருவதோ, அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும் வந்தே தீருமோ? இது மற்றொன்று. இந்த இரண்டாம் வினாவை ஏட்டுச் சுரைக்காய் என்று எவரும் ஒதுக்க வேண்டா. ஒரு வீட்டில் மூத்த மகன் இப்பழக்கத்தாற் படிப்பை விட்டு முடங்கிவிட்டான் எனின், அவன் தங்கைக்கு வந்த திருமணப் பேச்சு, “அந்த ரத்தம்” என்னும் இரண்டு சொற்களில் முறிந்து போகின்றது. தம்பியோ, தன்னுள்ளும் ஏதோ ஒன்று காலம் பார்த்துக் காத்திருக்கின்றதென்று கருதி உறக்கம் இழக்கின்றான். கல்லூரியில் ஆசிரியராயிருப்போர் இத்தகைய தம்பியரை அறிவர். அவர்களுக்கு மெய்யாகவே சொல்லத் தக்கது யாது என்பதை, இற்றைநாள் மருத்துவ நூலும் மரபியல் நூலும் இடந்தருமளவில் ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

முதல் வினாவிற்கு விடை காண முயன்றோர் நம் நாட்டிலேயே முன்னர் இருந்தனர் என்பது பலரும் அறியாத செய்தி. 1893-ஆம் ஆண்டில் மதுவிலக்கிற் பற்றுமிக்க கேயின் என்னும் உறுப்பினர் இலண்டன் பொதுச்சபையில், வங்காளத்திற் கஞ்சாவால் விளையும் கேடுகளைக் குறித்து வினா எழுப்பினார். அதன் பயனாக, மாக்வொர்த் யங் என்பவரைத் தலைவராகக் கொண்ட எழுவர் குழுவொன்றை இந்திய அரசாங்கத்தார் நியமித்தனர். ஆராய்ச்சி வங்காளத்தோடு நில்லாது இந்தியா முழுவதற்கும் விரிந்தது. அக்குழுவினர் 1,193 சாட்சிகளை விசாரித்துப் பல தொகுதிகளில் அறிக்கை வெளியிட்டனர்.

அவ்வறிக்கையில் நம் கருத்தைக் கவர்வது பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளைப் பற்றிய பகுதி. கஞ்சா பைத்தியத்தை விளைக்கும் என்று அந்நாளில் எல்லோரும் நம்பினர்; ஆஸ்பத்திரிக் கணக்குகளே அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. குழுவினர் அக்கணக்குகளை அவ்வாறே ஏற்றுக்கொள்ளாது, 1892-ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்டோரைத் தனித்தனியே மீண்டும் விசாரிக்கச் செய்தனர். அவ்வாண்டிற் சேர்ந்தோர் 1,344 பேர். அவருள் 222 பேருக்குக் கஞ்சா முதலியனவே காரணம் என்று பதிவேடு கூறிற்று. மறு விசாரணையில் அவ்வெண் 98 ஆகச் சுருங்கிற்று. அவற்றுள்ளும் வேறு காரணம் கலவாதன 61 மட்டுமே.

இவ்வளவு பெரிய பிழை எவ்வாறு நேர்ந்தது? பதிவேட்டில் “நோய்க்காரணம்” என்று ஒரு பத்தி இருந்தது. தெருவில் அலைந்த ஒருவனைப் பிடித்து வரும் போலீசார் அப்பத்தியையும் நிரப்பி அனுப்புதல் வேண்டும். அவனுக்கு உற்றார் இல்லை, ஊர் தெரியாது, அவனோ பேசும் நிலையில் இல்லை. அவன் கஞ்சா புகைப்பவன் என்று யாரேனும் சொன்னாற் போதும், பத்தி நிரம்பிவிடும். ஆஸ்பத்திரித் தலைவர் அதனையே தம் ஏட்டிற் பெயர்த்தெழுதுவார். ஆண்டு முடிவில் அது புள்ளிவிவரமாகும். புள்ளிவிவரம் இலண்டன் வரையிற் செல்லும். நோயை நிர்ணயித்தவர் மருத்துவரல்லர், காவலரே என்று சொல்லினும் மிகையாகாது. பத்தியை வெறுமையாக விடுதற்குரிய துணிவு எழுதுவோர்க்கு எந்நாளும் அரிது போலும்.

ஆயினும் அக்குழுவின் எண்களைக் கொண்டு, கஞ்சாவுக்கும் மனநோய்க்கும் தொடர்பே இல்லையென்று வாதிப்பாரும் வழுவினவரேயாவர். 1987-இல் சுவீடனில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, படையிற் சேர்க்கப்பட்ட 45,570 இளைஞரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிற்று. 18 வயதிற்குள் 50 முறைக்கு மேற் கஞ்சாவைப் பயன்படுத்தியிருந்தோர்க்கு, பயன்படுத்தாதவரினும் ஆறு மடங்கு மிகுதியாக மனச்சிதைவு நோய் கண்டது. ஆனால் மனச்சிதைவு வேறு, யாம் ஈண்டு ஆராயும் பழக்கநோய் வேறு. கஞ்சாவால் ஒருநாளும் பித்தேறாதவனும் அதனை விடமாட்டாது தவிக்கலாம். அத்தவிப்பே நம் பொருள்.

எழுவர் குழுவினர், அளவாகப் பயன்படுத்துவோர்க்குக் கெடுதி அரிதென்றும், அளவு மீறுவோர்க்குக் கெடுதி உண்டென்றும் முடிவு கூறினர். நல்ல முடிபே; எனினும் அளவு என்பது யாது? எங்கே அது மீறப்படுகின்றது? அக்காலத்தில் அதனை அளக்கக் கோல் இல்லை. செடியினுள் வேலை செய்யும் பொருள் இன்னதென்பதே அன்று தெரியாது.

அப்பொருளைத் தூய்மையாகப் பிரித்து அதன் கட்டமைப்பைக் கண்டவர்கள் இஸ்ரேல் நாட்டு வேதியியலாராகிய மெசூலம், காவோனி என்னும் இருவர், ஆண்டு 1964. டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்னும் நீண்ட பெயரைச் சுருக்கி டி.எச்.சி. என்பர். 1988-இல் அமெரிக்காவில் ஹௌலெட் அம்மையாரும் டெவேனும், மூளையில் அப்பொருள் சென்று பொருந்தும் ஏற்பிகள் உண்டென்று காட்டினர். 1990-இல் அவ்வேற்பியின் மரபணு வெளிப்பட்டது. பூட்டு இருக்குமாயின் உடம்பிற்கே உரிய திறவுகோலொன்றும் இருத்தல் வேண்டுமன்றோ? 1992-இல் அதனையும் கண்டனர். மெசூலத்தின் ஆய்வுக்கூடத்தார் அதற்குப் பெயர் தேடி வடமொழியிற் புகுந்து, ஆனந்தம் என்னும் சொல்லை அடியாகக் கொண்டு அனந்தமைடு என்று வழங்கினர். நமக்கு நன்கு தெரிந்த சொல்லொன்று இவ்வாறு வேதியியல் நூலிற் குடியேறியது.

அனந்தமைடு வேண்டும்போது வேண்டுமளவு பிறந்து, வேலை முடிந்தவுடன் ஒரு நொதியாற் சிதைக்கப்பட்டு மறையும். நரம்புக்கு நரம்பு செல்லும் செய்தி மிகாமல் அடக்குவது அதன் தொழில்களுள் ஒன்று. டி.எச்.சி.யோ அவ்வாறு விரைவில் மறைவதன்று. ஏற்பிகளின்மேல் நெடுநேரம் அமர்ந்திருக்கும். நாள்தோறும் இவ்வாறு நிகழின் மூளை தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கின்றது. அதனால் நேற்றுப் போதிய அளவு இன்று போதாதாகின்றது. புகையாத வேளையில் உடம்பின் சொந்த ஆனந்தமும் குறைபடுகின்றது. 2012-இல் வெளியான படப்பிடிப்பு ஆராய்ச்சியொன்று, நாள்தோறும் புகைப்போரின் மூளையில் இவ்வேற்பிகள் குறைந்திருத்தலைக் காட்டியதோடு, ஏறத்தாழ நான்கு வாரம் விட்டிருந்தபின் அவை மீண்டும் பெருகுதலையும் காட்டிற்று. இச்செய்தியை நோயுற்றோரிடம் சொல்லுவார் மிகச் சிலரே, சொல்லத் தக்கது.

இனி நோய் நிர்ணயத்திற்கு வருவோம். அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தார் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேட்டில், இதற்குக் கஞ்சாப் பயன்பாட்டுக் கோளாறு என்பது பெயர். முன்னர் “துர்ப்பயன்பாடு” என்றும் “அடிமைத்தனம்” என்றும் இரண்டாயிருந்தவற்றை அவர்கள் ஒன்றாக்கினர். பதினொரு குறிகளை வகுத்து, பன்னிரண்டு மாத எல்லைக்குள் அவற்றுள் இரண்டேனும் காணப்பட்டு, அவற்றால் ஒருவனுக்குக் குறிப்பிடத்தக்க துன்பமோ முடக்கமோ நேர்ந்திருப்பின், அதனைக் கோளாறு என்றனர். இரண்டு மூன்று குறிகள் உளவேல் மெலிது. நான்கு ஐந்து எனின் இடைநிலை. ஆறும் அதற்கு மேலும் எனின் கடிது.

அக்குறிகளின் உள்ளீட்டைக் கூறுவாம். நினைத்ததினும் மிகுதியாகவோ நெடுநாளாகவோ புகைத்தல், குறைக்க முயன்றும் இயலாமை, அதனைத் தேடுதலிலும் புகைத்தலிலும் தெளிதலிலும் பெரும்பொழுது கழிதல், உள்ளே அதற்கு ஓர் அடங்காத அவா எழுதல் ஆகிய நான்கும், தன்மேல் தனக்குள்ள ஆட்சி தளர்ந்தமையைக் காட்டுவன. வீடு, வேலை, படிப்பு ஆகியவற்றில் தன் கடமை தவறுதலும், உறவு கெடுவதைக் கண்டும் விடாமையும், முன்னர் விரும்பிய விளையாட்டு, நட்பு முதலியவற்றைக் கைவிடுதலும் ஆகிய மூன்றும் வெளியுலகத் தொடர்பு தேய்தலைக் காட்டுவன. வண்டி ஓட்டுதல் போன்ற ஆபத்தான வேளையிலும் புகைத்தல், உடலுக்கோ உள்ளத்துக்கோ கேடென்று அறிந்தும் புகைத்தல் என்பன இரண்டு. பழைய அளவு போதாமை, விட்டவுடன் உடம்பும் மனமும் வருந்துதல் என்பன எஞ்சிய இரண்டு. உலக சுகாதார நிறுவனத்தார் வகுத்து 2022 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் நோய்ப்பட்டியலோ இதனின் வேறுபட்டு, கேடு பயக்கும் பயன்பாட்டையும் அடிமைத்தனத்தையும் தனித்தனியே வகுக்கின்றது.

இப்பட்டியலில் இல்லாதவற்றைக் கவனித்தல் இன்னும் பயனுடைத்து. எத்தனை பொட்டலம், எத்தனை ரூபாய் என்னும் வினா இதில் இல்லை. யாரோடு பழகுகின்றான் என்பது இல்லை. போலீசார் பிடித்தனரா என்பதும் இல்லை. பழைய பதிப்பில் “சட்டத் தொல்லை” என்று ஒரு குறி இருந்தது, அதனை 2013-இல் நீக்கிவிட்டு, அடங்காத அவாவைப் புதிதாகச் சேர்த்தனர். 1892-ஆம் ஆண்டுப் பதிவேட்டை நிரப்பியவர் இதனை அறியின் வியப்பர்.

இரண்டு மாணவரை எண்ணிப் பார்க்க. ஒருவன் விடுமுறையில் நண்பரோடு மூன்று முறை புகைத்து, அகப்பட்டுக்கொண்டு, விடுதியினின்று நீக்கப்பட்டு, ஊரெல்லாம் பெயர் கெட்டு நிற்கின்றான். மற்றொருவன் எவரிடமும் அகப்பட்டதில்லை, தேர்விலும் தேறிவிடுகின்றான், ஆனால் விடியற்காலையிற் புகையாமல் வகுப்பிற்கு வர இயலாது, பந்தாட்டத்தை விட்டுவிட்டான், “அடுத்த திங்களோடு சரி” என்று ஏழு திங்களாகச் சொல்லி வருகின்றான், ஒருநாள் புகையாவிடின் உறக்கமின்றித் தாயிடம் எரிந்து விழுகின்றான். முன்னவன் குற்றம் செய்தவனாயிருக்கலாம், பின்னவனே நோயாளன்.

சிறுநீர்ச் சோதனையைப் பற்றியும் ஒரு சொல். டி.எச்.சி. கொழுப்பிற் படிந்து மெல்ல மெல்ல வெளியேறுவது; நெடுநாள் மிகுதியாகப் புகைத்தவன் விட்டுப் பல வாரங்கள் சென்றபின்னும் சோதனையில் அகப்படலாம். அச்சோதனை, உடம்பில் அப்பொருளின் எச்சம் உள்ளது என்று மட்டும் சொல்லும். ஆட்சி தளர்ந்ததா என்று சொல்லாது. அதனையே நோய் நிர்ணயமாகக் கொள்ளும் நிர்வாகத்தார், முன்னர்க் கூறிய போலீசாரின் பத்தியை வேறொரு மையினால் நிரப்புகின்றனர்.

விட்டவுடன் வரும் வருத்தத்தையும் நம்மவர் பிழைபட உணர்கின்றனர். கள்ளையும் அபினையும் விட்டவர் படும் பாட்டைக் கண்டு பழகியோர், “கஞ்சாவை விட்டால் ஒன்றும் ஆகாது” என்பர். நெடுநாள் மிகுதியாகப் பழகியவர் விட்ட ஒரு வாரத்திற்குள் சினம், கலக்கம், உறக்கமின்மை, பசியின்மை, இருப்புக்கொள்ளாமை, மனச்சோர்வு, வியர்வை நடுக்கம் வயிற்றுவலி போன்ற உடல் உபாதைகள் ஆகிய ஏழனுள் மூன்றேனும் தோன்றின், அதனை ஒரு தனி நிலையாக 2013-ஆம் ஆண்டுக் கையேடு ஏற்றது. இவ்வுபாதை முதல் வாரத்தில் உச்சம் எய்திப் பெரும்பாலும் இரண்டு வாரத்திற்குள் தணியும். இதனை அறியாத வீட்டார், “இவன் சுபாவமே இது” என்பர். அவனும், “என் கோபத்தைத் தணிக்கவே புகைக்கின்றேன்” என்பான். கோபம் எதனால் வந்தது என்பதை இருவரும் ஆராய்வதில்லை.

புகைத்தோருள் எத்தனை பேர் இந்நிலை எய்துகின்றனர்? பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2020-இல் வெளிவந்த கணக்கொன்று, பயன்படுத்துவோருள் 100-க்கு 22 பேரிடம் இக்கோளாறு காணப்படும் என்றது. நம் நாட்டில் மத்திய அரசாங்கத்தாருக்காக டில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தார் நடத்தி 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஓராண்டிற்குள் பாங்கோ கஞ்சாவோ சரஸோ பயன்படுத்தியவர் ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம். உதவி வேண்டும் நிலையிலுள்ளவர் ஏறத்தாழ 72 லட்சம். கணக்கிட்ட முறை வேறாயினும் இரண்டும் நால்வருள் ஒருவர் என்னும் அளவிற்கு அணித்தாகவே நிற்கின்றன. நால்வருள் மூவர்க்கு வாராதது ஒருவர்க்கு வருவது ஏன்? இவ்விடத்தேதான் இரண்டாம் வினா எழுகின்றது. அதற்குச் செல்லுமுன், மருத்துவத்தைப் பற்றிச் சுருங்கக் கூறிவிடுவோம். இந்நோய்க்கென்று அங்கீகாரம் பெற்ற மருந்து ஒன்றும் இல்லை; மனத்தைப் பயிற்றும் உரையாடல் முறைகளே ஓரளவு பயன் தருவன. போலீசுக்கு அஞ்சி மருத்துவரிடம் செல்லாதார் பலர். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டத்தின் 64-ஏ பிரிவு, சிறு அளவு வைத்திருந்ததாகவோ உட்கொண்டதாகவோ குற்றஞ்சாட்டப்பட்ட அடிமைப்பட்டோர், தாமாகவே அரசாங்க மருத்துவமனையிலோ அரசாங்கம் ஏற்ற நிலையத்திலோ சென்று சிகிச்சை பெறுவாராயின், வழக்கினின்று விலக்கு அளிக்கின்றது.

குலவழி என்னும் எண்ணம் வெறும் மூடநம்பிக்கையன்று. இந்நோய் சில குடும்பங்களில் மிகுந்தும் சிலவற்றிற் குறைந்தும் காணப்படுவது உண்மை. ஆயினும் ஒரே குடும்பத்தார் ஒரே வித்தை மட்டுமா பகிர்ந்துகொள்கின்றனர்? ஒரே திண்ணை, ஒரே தெரு, ஒரே வறுமை, ஒரே அண்ணனின் பெட்டி, இவற்றையும் பகிர்ந்துகொள்கின்றனர். இவற்றைப் பிரித்தறியும் வழியாக அறிவியலார் இரட்டையரைத் தேடினர். ஒரு கருவே இரண்டாய்ப் பிரிந்து பிறந்த இரட்டையர்க்கு மரபுச்செல்வம் முழுவதும் ஒன்று. இரு கருவாய்ப் பிறந்த இரட்டையரோ அண்ணன் தம்பி போலப் பாதியளவே ஒத்தவர். இருவகையாரும் ஒரே வீட்டில் ஒரே காலத்தில் வளர்கின்றனர். ஆதலின் முதல் வகையார் இரண்டாம் வகையாரினும் எவ்வளவு மிகுதியாக ஒத்திருக்கின்றனரோ, அதனைக் கொண்டு மரபின் பங்கை மதிப்பிடலாம்.

இத்தகைய பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2010-இல் வெளியான கணக்கின்படி, கஞ்சாவைத் தொடங்கும் இயல்பில் மரபின் பங்கு ஆடவருள் 100-க்கு 48, மகளிருள் 40. தொல்லை தருமளவிற்குப் பழகும் இயல்பில் ஆடவருள் 51, மகளிருள் 59. ஒரே வீட்டுச் சூழலின் பங்கு தொடங்குவதில் ஆடவருக்கு 25, மகளிருக்கு 39 ஆகவும், தொல்லைப் பழக்கத்தில் முறையே 20, 15 ஆகவும் இருந்தது. எனவே முதற்புகைக்கு வீடும் தெருவும் வலிதாக அழைக்கின்றன. அதன்பின் சிக்குவதில் ஒருவனது சொந்த இயல்பின் பங்கு ஓங்குகின்றது.

இவ்வெண்களைப் போல் பிழைபட உணரப்படுவன அரிது. 51 என்பதற்கு, அண்ணனுக்கு நோய் இருந்தால் தம்பிக்கு வரும் வாய்ப்பு 100-க்கு 51 என்பது பொருளன்று. ஒருவனுடைய நோயிற் பாதி மரபு, பாதி சூழல் என்பதும் பொருளன்று. ஒரு மக்கட்கூட்டத்துள், ஒருவர்க்கும் மற்றொருவர்க்கும் உள்ள வேறுபாட்டில் எவ்வளவு மரபு வேறுபாட்டோடு இயைகின்றது என்பதே பொருள். கஞ்சாவே எட்டாத தீவொன்றில் அதனால் நோயுறுவார் ஒருவரும் இலர், அவர்தம் மரபு எதுவாயினும் ஆகுக. தெருவெல்லாம் அது மலிந்த நகரத்திலோ யாவர்க்கும் வாய்ப்பு ஒன்றே ஆதலின் மரபின் வேறுபாடே பெரிதாகத் தோன்றும். மரபு மாறவில்லை, இடந்தான் மாறிற்று, எண்ணும் உடன் மாறிவிடுகின்றது.

இனி, அந்த மரபுதான் எங்கே உள்ளது? மனிதனுடைய மரபெழுத்துகள் ஏறத்தாழ 300 கோடி. முதலில் ஆராய்ந்தோர் நேர்வழியிற் சென்றனர்: டி.எச்.சி. பொருந்தும் ஏற்பியின் மரபணுவிலும், அனந்தமைடைச் சிதைக்கும் நொதியின் மரபணுவிலும் குறை இருக்கும் என்று கருதித் தேடினர். சிறு சிறு கூட்டங்களில் நடந்த அத்தேடல்களின் முடிவுகள் ஒன்றற்கொன்று முரணின. பின்னர் வந்தோர் முன்முடிபு எதுவுமின்றி, நோயுற்றார், உறாதார் என்னும் இரு பெருங்கூட்டத்தாரின் மரபெழுத்துகளை லட்சக்கணக்கான இடங்களில் ஒருங்கு ஒப்பிட்டனர்.

2019-இல் டென்மார்க்கில் 2,387 நோயாளரையும் 48,985 பிறரையும் ஒப்பிட்ட ஆராய்ச்சியில் எட்டாம் குரோமோசோமில் ஓரிடம் வெளிப்பட்டது. அதனை ஐஸ்லாந்தில் 5,501 நோயாளர், 3,01,041 பிறர் என்னும் மற்றொரு கூட்டத்திற் சரிபார்த்தனர், பொருந்திற்று. வியப்பு யாதெனில், அது கஞ்சா ஏற்பியின் இடமன்று. புகையிலையின் நிகோட்டின் சென்று பொருந்தும் ஏற்பி வகையில் ஓருறுப்பை ஆக்கும் சி.எச்.ஆர்.என்.ஏ.2 என்னும் மரபணுவோடு தொடர்புடைய இடம் அது. நோய்ப்பக்கம் சாய்க்கும் எழுத்தை உடையாரின் சிறுமூளையில் அம்மரபணு குறைவாக வேலை செய்வதாகவும் கண்டனர். 2020-இல் 20,916 நோயாளரையும் 3,63,116 பிறரையும் நோக்கிய ஆராய்ச்சி அவ்விடத்தை உறுதி செய்து, ஏழாம் குரோமோசோமில் ஃபாக்ஸ்பி2 என்னும் மரபணுவின் இடத்தையும் கூட்டிற்று. இம்மரபணு, பழுதுபட்டாற் பேச்சு குழறும் என்று 2001 முதலே மொழியறிஞரிடையே பெயர் பெற்றது. 2023-இல் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோரை, அவருள் 64,314 நோயாளரை, ஆராய்ந்தபோது ஐரோப்பிய வழித்தோன்றல்களிடம் மட்டும் 22 இடங்கள் தென்பட்டன.

இடங்கள் பெருகப் பெருக ஒவ்வொன்றன் வலிமையும் சிறிதென்பது தெளிவாயிற்று. நோயுற்றோர்க்கும் உறாதார்க்கும் பொதுவாகவே அவ்வெழுத்துகள் உள. ஒரு கூட்டத்தில் சற்று மிகுதி, மற்றதிற் சற்றுக் குறைவு, அவ்வளவே. பொதுவாகக் காணப்படும் எழுத்து வேறுபாடுகள் அனைத்தையும் ஒருங்கே கூட்டினும் ஐரோப்பிய வழியினரிடம் அவை விளக்கியது 100-க்கு 6.7 மட்டுமே. இரட்டையர் கணக்கு ஐம்பதுக்கு மேல். எழுத்துக் கணக்கு ஏழுக்குங் கீழ். இடைவெளிக்கு, அரிதாகக் காணப்படும் எழுத்து மாற்றங்கள் ஒரு காரணமாகலாம். மரபும் சூழலும் பின்னிக் கிடப்பதனை இரட்டையர் முறை மரபின் பக்கமே எழுதிவிடுவது மற்றொரு காரணமாகலாம்.

கல்லூரியில் இருப்போர் சிறப்பாகக் கருதத்தக்கது ஒன்றுண்டு. கஞ்சாவைச் சுவைத்துப் பார்க்கும் இயல்போடு தொடர்புடைய எழுத்துகளும், அதிற் சிக்குண்ணும் இயல்போடு தொடர்புடைய எழுத்துகளும் ஓரளவே ஒன்றுபடுகின்றன. முன்னவை, நெடுநாள் கல்வி கற்கும் இயல்போடு ஒத்துச் செல்வன. பின்னவை அதனோடு மாறுபட்டுச் செல்வன. புதியன நாடும் மனம் முதற்புகைக்குக் காரணமாகலாம் என்றும், அது வேறு, நோய் வேறு என்றும் இதனால் ஊகிக்கின்றோம். மேலும் நோய்ப்பக்கத்து எழுத்துகள் கஞ்சாவுக்கென்றே அமைந்தனவல்ல. மனச்சிதைவு, மனச்சோர்வு, இளமையிற் கவனம் நில்லாமை முதலியவற்றோடும் அவை பங்கு கொள்கின்றன. குலவழி வருவது கஞ்சாவன்று. பல திசையிலும் சாயக்கூடிய ஒரு மெல்லிய சாய்வே.

இனி அந்தத் தம்பிக்கும் தங்கைக்கும் வருவோம். அவ்வச்சம் முற்றும் பொய்யென்று யாம் சொல்லோம். உடன்பிறந்தாருக்கு இந்நோய் இருக்குமாயின் ஒருவனது வாய்ப்பு பிறரினும் மிகுதியே. ஆனால் அவ்வாய்ப்பு உயிர் பெறுவது புகையின் வழியேதான். மேற்கூறிய பதினொரு குறிகளும் புகைப்பவனை நோக்கியே வினவப்படுவன. ஒருநாளும் புகையாத தங்கையைக் கேட்டற்கு அவற்றுள் ஒன்றும் இல்லை. அவள் திருமணத்தை நிறுத்தியவர் எந்த மருத்துவ நூலையும் சான்று காட்ட இயலாது. தம்பிக்கோ சொல்லத்தக்கது வேறு. அவனுடைய நண்பருக்கு விளையாட்டாய் முடிவது அவனுக்கு அவ்வாறு முடியாமற் போகலாம். இளமையிலே தொடங்குவோர்க்கு ஆபத்து மிகுதி என்பதும் பல ஆராய்ச்சிகள் கண்டது. முன்னரே தொடங்கிவிட்டானாயின், ஏழு திங்கள் தவணை சொல்லும் நிலை வருமுன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம்.

இரத்தத்தைச் சோதித்து, “உமக்கு இது வரும், வாராது” என்று சொல்ல இயலுமோ எனின், இயலாது. எழுத்துகளைக் கூட்டி மதிப்பெண் இடும் முறை ஆய்வுக்கூடங்களில் உண்டு. கூட்டங்களை ஒப்பிடுதற்கு அது பயன்படும், ஒரு தனி மனிதனை நோக்கித் தீர்ப்புரைத்தற்கு உதவாது. நம்மவர்க்கு அதிலும் ஓர் இடர்ப்பாடு கூடுதலாக உள்ளது. 2023-ஆம் ஆண்டு ஆராய்ச்சியார் தம் மக்களை ஐரோப்பிய, ஆப்பிரிக்க, கிழக்காசிய, அமெரிக்கக் கலப்பு வழியினர் என நான்காகப் பகுத்தனர். தென்னாசியர் என்னும் பகுப்பு அவற்றுள் இல்லை. ஒரு வழியினரிடம் கண்ட மதிப்பெண் மற்றொரு வழியினரிடம் அவ்வாறே பொருந்தாதென்பது மரபியலார் நன்கறிந்தது. 2025 ஜனவரியில், 10,000 இந்தியரின் மரபெழுத்துத் தொகுதி ஆராய்ச்சியாளர்க்குத் திறந்துவிடப்பட்டது. அது நலமுற்றிருப்போரிடம் பெற்ற தொகுதி. அதனோடு ஒப்பிட நம் நாட்டுக் கஞ்சா நோயாளரின் தொகுதியும் வேண்டும். அத்தொகுதிக்கு இரத்தத் துளியைப் பெறுமுன், அவர் நோயாளர்தாமா என்று மருத்துவர் அப்பதினொரு வினாக்களையும் அமர்ந்து கேட்டாதல் வேண்டும்.